காலைக் கூட்டத்தை 15 நிமிடத்தில் முடிக்க: பொது மருத்துவமனைக் கண்காணிப்பாளர்களுக்கு

நின்றபடியே நடத்துங்கள், நாற்காலி போட்டால் ஒரு மணி நேரம் போய்விடும். துறைத் தலைவர்கள், நர்சிங் கண்காணிப்பாளர், மருந்துக் கிடங்குப் பொறுப்பாளர், ஆக்சிஜனும் ஜெனரேட்டரும் பார்ப்பவர், துப்புரவு மேற்பார்வையாளர் வந்தால் போதும். கேள்விகள் மூன்றுதான்: எத்தனை படுக்கை காலி, இன்று யார் டிஸ்சார்ஜ், எது தீரப்போகிறது?

‘படுக்கை இல்லை’ என்ற புகாருக்குப் பல நேரம் டிஸ்சார்ஜ் தாமதமே காரணம். ரவுண்ட்ஸ் 10 மணிக்கு முடிந்தாலும் டிஸ்சார்ஜ் சம்மரி (நோய், சிகிச்சை விவரக் குறிப்பு) எழுதி, கையெழுத்து வாங்கி, மருந்து கொடுத்து அனுப்புவதற்குள் சாயங்காலம் ஆகிவிடும். அதற்குள் அவசரப் பிரிவில் ஸ்ட்ரெச்சர்கள் வரிசைகட்டும். முந்தைய நாள் மாலையே சம்மரியை எழுதிவைக்கச் சொல்லுங்கள். காலையில் சரிபார்த்துக் கையெழுத்திட்டால் போதும்.

இருப்புக்குக் கணக்கு வேண்டும், ஊகம் உதவாது. ஒரு ஊசிமருந்து நாளுக்கு 40 குப்பி செலவாகி, ஆர்டர் வந்துசேர 15 நாள் ஆகுமென்றால், அதுவரைக்கும் 600 குப்பி வேண்டும். கூடவே, ஆர்டர் தாமதமானால் சமாளிக்க 7 நாள் கையிருப்பு 280. ஆக, இருப்பு 880-ஐத் தொட்டதும் ஆர்டர் போக வேண்டும். ‘தீர்ந்ததும் சொல்கிறேன்’ என்பவரிடம் கிடங்கை விடாதீர்கள்.

கூட்டம் முடிந்ததும் சொல்லாமல் ஒரு வார்டுக்குப் போங்கள். அவசர மருந்து டிராலியைத் திறந்து லாரிங்கோஸ்கோப் (மூச்சுக்குழாயில் குழாய் செலுத்தத் தொண்டைக்குள் பார்க்கும் கருவி) விளக்கு எரிகிறதா, அட்ரினலின் (இதயம் நின்றால் போடும் ஊசிமருந்து) காலாவதியாகவில்லையா என்று பாருங்கள். சோதனைப் பதிவேட்டில் ஏழு நாள் கையெழுத்தும் ஒரே பேனா, ஒரே சாய்வு என்றால், ஒரே மூச்சில் போட்டதாகத்தான் இருக்கும். அங்கேயே திட்டாதீர்கள், அடுத்த முறை மறைக்கப் பழகிவிடுவார்கள். பொறுப்பு நர்ஸைத் தனியாகக் கூப்பிட்டு, ஆள் பற்றாக்குறையா என்று முதலில் கேளுங்கள்.