பெரியம்மாவின் குளிசையும் புளியங்கொட்டைப் பசையும்

ஒட்டுசுட்டானில் பெரியம்மா வீட்டுக்குப் போனபோது, அவர் தன் சீனி வருத்தக் குளிசையை அம்மியில் வைத்து நுணுக்கிக்கொண்டிருந்தார். “உது பெரிசாக் கிடக்கு பிள்ளை, விழுங்க ஏலாது” என்றார். பெட்டியைப் பார்த்தேன். மெற்போமின் 500 மில்லிகிராம், மெதுவாக வெளிவிடும் வகை. பல மணி நேரத்தில் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கவேண்டிய மருந்து, அம்மியில் நுணுக்கினால் ஒரேயடியாக இறங்கிவிடும். எப்படி விளங்கப்படுத்துவது என்று யோசித்ததில்தான், புளியங்கொட்டைப் பசையில் மாதிரிக் குளிசை செய்து பார்க்கும் இந்தச் செய்முறை வந்தது. உயர்தரப் பிள்ளைகளுக்கு இரசாயனவியல் படிப்பிக்கிறேன், அதனால் வகுப்பிலும் செய்துவிட்டேன்.

அந்த மாதிரிக் குளிசைகளில் மருந்தோடு வழக்கமாகச் சேர்ந்திருப்பது மரக்கூழிலிருந்தோ பருத்தியிலிருந்தோ எடுத்த செலுலோசை மாற்றிச் செய்த ஒரு பசை. தண்ணீர் பட்டதும் வெளிப்பக்கம் ஊதி வழுவழுப்பான சுவராகிவிடும். மருந்து அந்தச் சுவருக்குள்ளால் ஊறித்தான் வெளியே வரவேண்டும். (மலத்தில் முழுக் குளிசை மாதிரி ஒன்று கிடந்தது என்று சிலர் பயப்படுவார்கள். மருந்து போய்விட்டது, கூடுதான் மிச்சம்.) இதே வேலையைச் செய்யக்கூடிய பசை புளியங்கொட்டைப் பருப்பிலும் இருக்கிறது. அதன் பெயர் சைலோகுளுக்கன்: குளுக்கோசு கோத்த நீளச் சங்கிலியில் சைலோசு, கலக்ரோசு என்ற வேறு சீனிகள் கிளைவிட்டிருக்கும். மருந்தாக்க ஆய்வுகளில் நன்றாகப் பழகிய பொருள்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: இங்கே மருந்து சேர்க்கப்போவதில்லை, சாயம் மட்டும்தான். வீட்டில் செய்த குளிசையை யாரும் விழுங்கவேண்டாம்.

கொட்டையை மணலில் இலேசாக வறுத்து, மண்ணிறத் தோலை உடைத்து நீக்குங்கள். தோலில் தனின் என்ற துவர்ப்புப் பொருள் இருக்கிறது, விட்டால் பசை கறுக்கும். வெள்ளைப் பருப்பை உரலில் இடித்து, அரிதட்டில் அரித்தெடுங்கள். நான் முதல்முறை சோம்பல்பட்டு மில்லுக்குக் கொடுத்தேன். எனக்கு முன்னால் யாரோ செத்தல் மிளகாய் அரைத்திருக்கிறார்கள். பசை செம்மஞ்சளாக வந்தது, வகுப்பு முழுக்கத் தும்மல்.

மாவில் 20 கிராம் எடுத்து 200 மில்லிலீற்றர் குளிர்ந்த நீரில் கட்டியில்லாமல் கரையுங்கள். அதைக் கொதிக்கும் 800 மில்லிலீற்றர் நீரில் ஊற்றி, 20 நிமிடம் கிண்டியபடி கொதிக்க விடுங்கள். நேராகக் கொதிநீரில் மாவைக் கொட்டினால் களிக்கட்டிதான் கிடைக்கும். எங்கள் கிணற்றுத் தண்ணீர் கேத்திலுக்குள் வெள்ளைப் படை படியவைக்கும் தண்ணீர். இந்தப் பசைக்கு மின்னேற்றம் இல்லாததால் அதில் உள்ள கல்சியத்தால் பெரிய கெடுதி இல்லை, என்றாலும் நான் மழைநீர் பாவிக்கிறேன். பழத்தோலில் இருக்கும் பசையான பெக்ரினில் செய்து பார்ப்பவர்கள் கட்டாயம் காய்ச்சி வடித்த நீர் எடுங்கள், கல்சியம் பட்டால் சிலவகைப் பெக்ரின் கட்டியாகிவிடும்.

இரவு முழுக்க அடையவிட்டு, மேலே தெளிந்ததை இரட்டை வேட்டித் துணியில் வடியுங்கள். அதில் 250 மில்லிலீற்றரை 500 மில்லிலீற்றர் எதனோலில் மெல்ல ஊற்றுங்கள். அடுப்பு, நெருப்புக்குச்சி எதுவும் அந்தப் பக்கமே இருக்கக்கூடாது. ஊற்றிய கணத்தில் வெள்ளைத் திரள் எழும்பும், கண்ணாடிக் கோலில் சுற்றி எடுக்கலாம். ஒரு பிள்ளை “டீச்சர், சேமியாப் பாயாசம்” என்றாள். பிழிந்து, தட்டில் மெல்லிசாகப் பரப்பி, நுளம்பு வலையால் மூடி சித்திரை வெயிலில் காயவிட்டால் கண்ணாடித் தாள் மாதிரி வரும். அதை இடித்து அரித்து, காற்றுப் புகாத போத்தலில் வையுங்கள். மாரியில் மூடியைத் திறந்துவைத்தால் ஈரம் இழுத்துப் பூஞ்சணம் பிடிக்கும்.

இனி இரண்டு கலவை. முதலாவதில் பசைத்தூள் 4 கிராம், அரிசிமா 5.9 கிராம், மெதிலீன் நீலச் சாயம் 0.1 கிராம். இரண்டாவதில் பசை கிடையாது, அரிசிமா 9.9 கிராமும் அதே அளவு நீலமும். கையுறை போடுங்கள், நீலம் இலேசில் போகாது. சில சொட்டு நீர் கலந்த எதனோலால் ஈரமாக்குங்கள். வெறும் நீர் என்றால் பசைக் கலவை கையில் ஒட்டும் கோந்தாகிவிடும். ஊசி போடாத புதுச் சிரிஞ்சு, 2 மில்லிலீற்றர், முனையை வெட்டிவிட்டு அரைக் கிராம் அளவு அடைத்து, மேசையில் ஊன்றி அழுத்தித் தள்ளினால் குளிசை வந்துவிடும். ஒரு நாள் காயட்டும்.

ஒரு லீற்றர் முகவை இரண்டில் 37 பாகையில் 900 மில்லிலீற்றர் நீர். குளிசை அடியில் ஒட்டாமலிருக்கத் தேத்தண்ணி வடியில் வைத்து இறக்குங்கள். கால் மணிக்கு ஒருமுறை ஒரேமாதிரிக் கலக்கி, 5 மில்லிலீற்றர் எடுத்துச் சோதனைக்குழாயில் வையுங்கள். எடுத்த அளவுக்கு நீர் திருப்பி ஊற்ற மறக்கவேண்டாம். அரிசிமாக் குளிசை கொஞ்ச நேரத்திலேயே இடிந்துபோய் நீர் முழுக்க நீலமாகும். பசைக் குளிசை ஊதும், வழுக்கும், நீலம் நூல்நூலாக இறங்கும்.

குழாய்களை வரிசையாக நிறுத்தினால் நிறம் முதலில் வேகமாகவும் போகப்போக மெதுவாகவும் ஏறுவது தெரியும். 1961ல் ஹிகுச்சி என்ற மருந்தாக்க அறிஞர் இதற்கு ஒரு கணக்குத் தந்தார்: வெளியேறும் அளவு நேரத்தின் வர்க்கமூலத்தோடு போகும். முதல் மணித்தியாலத்தில் வந்ததன் இருமடங்கு வர நாலு மணித்தியாலம் வேண்டும். ஊதும் பசையில் இது அச்சொட்டாக வராது, கிட்டத்தட்டத்தான்.

இரண்டு மணித்தியாலம் கழித்து ஒரு பசைக் குளிசையை எடுத்து பிளேட்டால் நடுவே வெட்டினோம். வெளியே நுங்கு மாதிரி வழுவழுப்பாக, வெளிறிய நீலம். அதற்குள்ளே இறுக்கமான கடும் நீலம். நடுவில் கடுகளவு இடத்தில் மா இன்னும் காய்ந்தே இருந்தது.

அடுத்த கிழமை வெட்டிய பாதி ஒன்றைப் பெரியம்மாவிடம் கொண்டுபோனேன். இன்னொரு குளிசையை அவர் அம்மியிலேயே நுணுக்கி ஒரு கிளாஸ் தண்ணீரில் போட்டுக் காட்டினேன். கிளாசைப் பார்த்தார், பிறகு அம்மியைப் பார்த்தார். “அப்ப நான் எப்பிடி விழுங்குறது?” என்றார். நியாயமான கேள்வி. அடுத்த கிளினிக்குக்குக் கூட்டிப்போய், வேறு வடிவத்தில் தரமுடியுமா என்று டொக்டரிடம் கேட்டோம். அம்மியில் ஏறிய நீலம் மட்டும் இன்னும் போகவில்லை, சம்பல் அரைக்கிறபோதெல்லாம் எனக்குப் பேச்சு விழுகிறது.