செட்டிநாட்டில் பழைய பாப்பா பாட்டுப் புத்தகம் தேடுவது எப்படி

காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவில் உள்ள பழம்பொருள் கடைகளுக்குப் போனால் எனாமல் தூக்கு, ரவிவர்மா படம், தேக்குப் பெட்டி எல்லாம் கண்ணுக்கு நேரே இருக்கும். படம் போட்ட பழைய குழந்தைப் பாட்டுப் புத்தகம் மட்டும் இருக்காது. கடைக்காரர் அதைச் சரக்காகவே நினைப்பதில்லை. பங்காளிகள் வீட்டைப் பிரித்துச் சாமான் எடுக்கும்போது கணக்கு நோட்டு, கல்யாணப் பத்திரிகை, பஞ்சாங்கம் என்று ஒரு காகிதக் கட்டு வரும், அதன் நடுவில் ஒல்லியாகச் சொருகிக் கிடப்பதுதான் உங்களுக்கு வேண்டியது. அதனால் "பழைய புக் இருக்கா?" என்று பொதுவாகக் கேட்காதீர்கள், ராமாயணத்தை எடுத்து நீட்டுவார். "அண்ணே, எடைக்குப் போட வச்சிருக்கிற பேப்பர் கட்டைக் கொஞ்சம் பார்க்கலாமா?" என்று கேளுங்கள். வேண்டியது கிடைத்ததும் முகத்தில் காட்டாமல், கட்டோடு சேர்த்து விலை பேசுங்கள்.

வீட்டுக்கே போய்க் கேட்பதானால் தெரிந்தவர் ஒருவர் கூட இருப்பது நல்லது. "ஆச்சி, சின்னப் பிள்ளையில படிச்ச பாட்டுப் புத்தகம் ஏதும் பெட்டியில கிடக்கா?" என்று தொடங்கினால் பேச்சு தானாக ஓடும். கொடுக்க மனமில்லை என்றால் வற்புறுத்த வேண்டாம், போனில் படம் எடுத்துக்கொண்டு வாருங்கள், அதுவும் சேகரிப்புதான்.

இந்த வட்டாரத்தில் தேடுவதற்கு நியாயமான காரணம் இருக்கிறது. குழந்தைக் கவிஞர் அழ. வள்ளியப்பாவும் பதிப்பாளர் சக்தி வை. கோவிந்தனும் ராயவரத்துக்காரர்கள், பக்கத்துப் புதுக்கோட்டையிலிருந்து ஒரு காலத்தில் சிறுவர் பத்திரிகைகள் வரிசையாக வந்தன. கோட்டையூரில் ரோஜா முத்தையா சேர்த்து வைத்த புத்தகங்கள், 1992இல் அவர் மறைந்த பிறகு, இப்போது சென்னையில் அவர் பெயரிலேயே நூலகமாக நிற்கின்றன. வாங்குவதற்கு முன் அங்கேயும் தமிழ் மின்னூலகத்திலும் அந்தக் காலப் புத்தகங்களைப் பார்த்துக் கண்ணைப் பழக்கிக்கொள்ளுங்கள்.

இனி வயது கண்டுபிடிப்பது, எனக்கு மிகவும் பிடித்த வேலை. பல புத்தகங்களில் ஆண்டே இருக்காது, இருந்தாலும் 'சர்வசித்து' என்று தமிழ் ஆண்டு மட்டும் போட்டிருப்பார்கள் (அது 1947-48, அறுபது வருடத்துக்கு ஒருமுறை அதே பெயர் திரும்ப வரும் என்பதை மறக்காதீர்கள்). அப்போது விலையைப் பாருங்கள். அணாவில் மட்டும் விலை இருந்தால் பெரும்பாலும் 1957க்கு முந்தியது, ஏனென்றால் அந்த ஏப்ரலில்தான் நயா பைசா வந்தது, 'ந.பை.' என்றிருந்தால் 1957க்கும் 1964க்கும் நடுவில். முகவரியில் ஆறு இலக்கப் பின்கோடு இருந்தால் அந்தப் பிரதி 1972க்குப் பிந்தியது, யார் என்ன கதை சொன்னாலும் சரி. லை, னை எழுத்துகள் கொம்பு வளைந்த பழைய உருவத்தில் இருந்தால் 1978 சீர்திருத்தத்துக்கு முந்தியதாக இருக்கலாம், ஆனால் சில அச்சகங்கள் அதன் பிறகும் பழைய எழுத்தையே ஓட்டின, அதனால் இதை மட்டும் நம்பி விலை கொடுக்காதீர்கள்.

நிலையைப் பொறுத்தவரை என் கட்சி இதுதான்: அழுக்கு பரவாயில்லை, பக்கம் குறையக் கூடாது. குழந்தை கையில் புழங்கிய புத்தகம் சுத்தமாக எப்படி இருக்கும்? கடையிலேயே பக்க எண்ணை ஒவ்வொன்றாக எண்ணுங்கள், முக்கியமாக நடுத்தாளை, தாள்களைச் சேர்த்து அடித்த கம்பிப் பின் துருப்பிடித்தால் முதலில் கழன்று போவது அதுதான். யானைப் படம், ரயில் படம் போன்றவற்றை யாராவது கத்தரித்து நோட்டில் ஒட்டியிருப்பார்கள், அதையும் பாருங்கள். உள்ளட்டையில் குடும்ப விலாசத்தோடு ஒரு பிள்ளையின் பெயர் கோணல்மாணலாக எழுதியிருந்தால் ரப்பர் போட்டு அழித்துவிடாதீர்கள், எனக்கு அப்படிப்பட்ட பிரதிதான் உசத்தி.

கடல் கடந்து தொழில் செய்த குடும்பங்கள் என்பதால் ஆங்கிலப் படப் புத்தகமும் எப்போதாவது அகப்படும். கேட் கிரீனவே, ராண்டால்ஃப் கால்டெகாட், வால்டர் கிரேன் ஆகிய ஆங்கில ஓவியர்களின் படங்களை 19ஆம் நூற்றாண்டில் லண்டனில் மரக்கட்டையில் செதுக்கி வண்ணத்தில் அச்சிட்டவர் எட்மண்ட் எவன்ஸ். இவர்கள் பெயரைச் சொல்லிப் பெரிய விலை கேட்டால் பூதக்கண்ணாடியால் படத்தைப் பாருங்கள். ஒரே சீராகப் பூப்போலக் கூடிய வண்ணப் புள்ளிகள் தெரிந்தால் அது பிற்கால மறுபதிப்பு, வைத்துவிட்டு நகருங்கள்.

வாங்கியாயிற்றா, வீட்டுக்குக் கொண்டுவந்ததும் மற்ற புத்தகங்களோடு சேர்க்காதீர்கள். உள்ளே ராமபாணப் பூச்சி இருக்கலாம். பிளாஸ்டிக் பையில் காற்றுப் புகாமல் மூடி, இரண்டு வாரம் ஃப்ரீசரில் வைத்து எடுத்து, பையைப் பிரிக்காமலேயே அறைச் சூட்டுக்கு வரவிடுங்கள். ஈரம் இருந்தால் முதலில் நிழலில் காற்றாட உலர்த்துங்கள், வெயில் வேண்டாம், வண்ணம் வெளுத்துவிடும். துருப்பிடித்த பின்னைப் பொறுமையாகக் கழற்றி நூலால் தையுங்கள். செல்லோடேப் கூடவே கூடாது, சில வருடத்தில் பழுப்புக் கறையாக இறங்கிவிடும். கிழிசலுக்கு மெல்லிய ஜப்பானியத் தாளும் கோதுமை மாவுப் பசையும் போதும். லேமினேஷன் போட்டுத் தரட்டுமா என்று ஜெராக்ஸ் கடையில் கேட்டால் புத்தகத்தை வாங்கிக்கொண்டு வந்துவிடுங்கள்.