ஸ்ட்ரீட் ஃபைட்டரா, மார்ட்டல் காம்பாட்டா? இரண்டையும் சரியாக மோதவிட்டுப் பார்ப்பது எப்படி

ஸ்ட்ரீட் ஃபைட்டர், மார்ட்டல் காம்பாட் என்ற இரண்டு சண்டை வீடியோ கேம்களில் எது உசத்தி என்ற பேச்சு எங்கே கிளம்பினாலும் ரத்தத்தில்தான் போய் முடியும். "மார்ட்டல் காம்பாட்டில் முதுகெலும்பையே உருவுவான், தெரியுமா?" என்று ஒருவர் ஆரம்பித்தால் அதோடு சரி, விளையாட்டைப் பற்றி யாரும் வாய் திறப்பதில்லை. எனக்கு இரண்டுமே பிடிக்கும். நான் ஸ்ட்ரீட் ஃபைட்டர் ஆள், என் தம்பி மார்ட்டல் காம்பாட் ஆள். இன்னும் வீட்டில் இரண்டையும் மாற்றி மாற்றி ஆடுகிறோம். எது உசத்தி என்று கேட்பவர்களுக்கு நான் சொல்வது இதுதான்: அடியைப் பார்க்காதீர்கள், தடுப்பைப் பாருங்கள். இரண்டு விளையாட்டும் பிரியும் இடம் அதுதான்.

அதற்கு முன்னால் சரியான ஜோடியைச் சேர்க்க வேண்டும். ஸ்ட்ரீட் ஃபைட்டர் 2 ஆர்கேடில், அதாவது கடையில் காசு போட்டு ஆடும் எந்திரத்தில், வந்தது 1991-இல், மார்ட்டல் காம்பாட் 1992-இல். ஆனால் டிவியில் இணைத்து ஆடும் வீட்டுக் கன்சோலில் கணக்கு வேறு. சூப்பர் நிண்டெண்டோ என்ற கன்சோலுக்கு ஸ்ட்ரீட் ஃபைட்டர் 2 முதலில் வந்தது 1992-இல். அதில் நாம் ஆடக்கூடியவர்கள் எட்டே பேர், கடைசியில் வரும் நான்கு பாஸ்களை, அதாவது பெரிய வில்லன்களை, தேர்ந்தெடுக்க முடியாது. மார்ட்டல் காம்பாட் வீட்டுக்கு வந்தது 1993 செப்டம்பர் 13 அன்று. அமெரிக்காவில் அந்த நாளை 'மார்ட்டல் மண்டே' என்றே விளம்பரப்படுத்தினார்கள். ஆகவே 1992 கேட்ரிட்ஜை (கன்சோலில் செருகும் விளையாட்டுப் பெட்டி) எடுத்து இதோடு மோதவிடுவது நியாயமில்லை. சூப்பர் நிண்டெண்டோ வைத்திருந்தால் 1993-இல் வந்த ஸ்ட்ரீட் ஃபைட்டர் 2 டர்போவை எடுங்கள். அதற்குப் போட்டியான மெகா டிரைவ் கன்சோல் என்றால் அதே வருடம் வந்த ஸ்பெஷல் சாம்பியன் எடிஷன். இரண்டிலும் பன்னிரண்டு பேரும் கிடைப்பார்கள், வேகத்தையும் கூட்டிக் குறைக்கலாம்.

இன்னொன்று, ஒரே கன்சோலில் வைத்துத்தான் ஒப்பிட வேண்டும். சூப்பர் நிண்டெண்டோ மார்ட்டல் காம்பாட்டில் படமும் சத்தமும் ஆர்கேடுக்குக் கிட்ட வரும், ஆனால் பட்டனை அழுத்தினால் ஆள் கொஞ்சம் மந்தமாகத்தான் அசைவான். மெகா டிரைவில் நிறங்கள் குறைவு, பின்னணி வெறிச்சோடி இருக்கும், ஆனால் கைக்கு ஆடுவது இதமாக இருக்கும். ஸ்ட்ரீட் ஃபைட்டரிலும் மெகா டிரைவில் குரல்கள் கரகரக்கும். ஆக, ஒன்றை இதிலும் மற்றதை அதிலும் ஆடிவிட்டுத் தீர்ப்புச் சொன்னால், நீங்கள் ஒப்பிட்டது கன்சோல்களைத்தான்.

அப்புறம் பேட், அதாவது கையில் பிடித்து ஆடும் பட்டன் கருவி. ஸ்ட்ரீட் ஃபைட்டருக்கு ஆறு பட்டன் வேண்டும்: பஞ்ச் மூன்று, கிக் மூன்று, ஒவ்வொன்றிலும் லேசு, நடுத்தரம், பலம். சூப்பர் நிண்டெண்டோ பேடில் மேலே இருக்கும் எல், ஆர் பட்டன்களையும் சேர்த்தால் சரியாக ஆறு வந்துவிடும். மெகா டிரைவின் பழைய பேடில் மூன்றே பட்டன். பஞ்சிலிருந்து கிக்குக்கு மாற ஒவ்வொரு முறையும் ஸ்டார்ட்டை அழுத்த வேண்டும். அப்படி ஆடி ஸ்ட்ரீட் ஃபைட்டரை எடைபோடுவது அநியாயம். 1993-இல் வந்த ஆறு பட்டன் பேடைத் தேடி வாங்குங்கள். மார்ட்டல் காம்பாட்டுக்கு ஐந்து செயல்கள்: மேல் பஞ்ச், கீழ் பஞ்ச், மேல் கிக், கீழ் கிக், பிளாக் (தடுப்பு). அதற்கும் அந்தப் பேடே நல்லது.

டிவியையும் கவனியுங்கள். ஐரோப்பாவில் விற்ற கேட்ரிட்ஜ்கள் 50 ஹெர்ட்ஸில் ஓடும், அமெரிக்க, ஜப்பான் கேட்ரிட்ஜ்கள் 60 ஹெர்ட்ஸில். 50-க்கு ஏற்றபடி திருத்தி அமைக்காத விளையாட்டு ஆறில் ஒரு பங்கு வேகம் குறைந்து, மேலும் கீழும் கறுப்புப் பட்டையோடு தெரியும். பழைய கன்சோல் மாதிரியே கணினியில் ஓட்டும் எமுலேட்டரில் ஆடினாலும் இதைப் பார்த்துக்கொள்ளுங்கள். இரண்டும் 60-இல் ஓடட்டும்.

சரி, இப்போது பிளாக்குக்கு வருவோம்.

ஸ்ட்ரீட் ஃபைட்டரில் பிளாக் பட்டன் கிடையாது. எதிராளி அடிக்கும்போது பின்பக்கம் தள்ளிப் பிடித்தால் அதுவே தடுப்பு. மார்ட்டல் காம்பாட்டில் அதற்கென்றே ஒரு பட்டன். சின்ன விஷயம் மாதிரிதான் தெரியும். இந்தச் சோதனையைச் செய்து பாருங்கள்: ஸ்ட்ரீட் ஃபைட்டரில் ஒருவர் ரியூ என்ற வீரனை எடுத்து, எதிராளி குனிந்திருக்கும்போது தலைக்கு மேலே தாண்டிக் குதித்து, காலை அவர் முதுகுப்பக்கமாகப் படவிடட்டும். நடுவில் 'பின்பக்கம்' எது என்பதே மாறிவிடும். இடப்பக்கம் பிடித்துத் தடுத்துக்கொண்டிருந்தவர் கண் இமைப்பதற்குள் வலப்பக்கம் பிடித்தாக வேண்டும். அதோடு, குதித்து வரும் அடியை நின்றுதான் தடுக்க முடியும், தரையோடு வரும் உதையைக் குனிந்துதான் தடுக்க முடியும். தடுத்தே காலத்தை ஓட்டலாம் என்றால் கிட்ட வந்து பிடித்துத் தூக்கி எறிவார்கள். தற்காப்பே ஒரு யூகமாக ஆகிவிடுகிறது.

அதே குதியை மார்ட்டல் காம்பாட்டில் குதியுங்கள். எந்தப் பக்கம் விழுந்தாலும் பிளாக் பட்டன் பிளாக் பட்டன்தான். அந்தக் குழப்பம் அங்கே இல்லை. அதற்குப் பதிலாக வேறொரு விலை வைத்திருக்கிறார்கள்: சாதாரணக் குத்தைத் தடுத்தாலும் உயிர்க்கோடு துளி குறையும். ஸ்ட்ரீட் ஃபைட்டரில் ஹடூகன் (ரியூ எறியும் ஆற்றல் பந்து) மாதிரியான ஸ்பெஷல் அடிகளைத் தடுத்தால் மட்டும்தான் அந்தக் கசிவு. ஆக மார்ட்டல் காம்பாட்டில் ஒளிந்துகொண்டே இருக்கவும் முடியாது.

என் தம்பி முதலில் ஸ்ட்ரீட் ஃபைட்டருக்கு வந்தபோது "அக்கா, இதுல தடுக்கிற பட்டன் எது?" என்றுதான் கேட்டான். அந்த ஒரு கேள்வியிலேயே இரண்டு விளையாட்டின் குணமும் இருக்கிறது. பின்னால் பிடித்துத் தடுப்பதால் ஸ்ட்ரீட் ஃபைட்டரில் தடுப்பும் நடையும் ஒரே கையில் இருக்கின்றன. எவ்வளவு தூரத்தில் நிற்கிறோம் என்பதே பாதி ஆட்டம். கைல் என்ற வீரன் பின்பக்கம் பிடித்துக் காத்திருந்து, முன்னே தள்ளிப் பஞ்ச் அடித்தால்தான் சோனிக் பூம் என்ற அவனுடைய ஸ்பெஷல் அடி போகும். அதாவது அவன் தடுத்துக்கொண்டிருக்கும்போதே அடுத்த தாக்குதலும் தயாராகிறது. அதை வடிவமைத்தவர்களின் கெட்டிக்காரத்தனம் எனக்கு இன்றும் வியப்புத்தான்.

மார்ட்டல் காம்பாட்டின் அழகு வேறு இடத்தில் இருக்கிறது. ஸ்கார்ப்பியன் என்ற நிஞ்ஜாவை எடுங்கள். பின்பக்கம், பின்பக்கம், கீழ் பஞ்ச். கயிறு கட்டிய ஈட்டி பறக்கும். பட்டால் எதிராளி இழுபட்டு வந்து உங்கள் முன்னால் தள்ளாடி நிற்பான், குனிந்து மேல் பஞ்ச் (அப்பர்கட்) அடித்தால் கூரை வரை பறப்பான். படாமல் அவன் தடுத்துவிட்டால் நீங்கள் திறந்து கிடப்பீர்கள், அதே அப்பர்கட் உங்களுக்கு விழும். ஒரே ஒரு முடிவில் அரை ரவுண்ட் தலைகீழாகும். அந்தப் படபடப்பு ஸ்ட்ரீட் ஃபைட்டரில் இப்படி வராது.

ஆட்களை ஒப்பிடும்போது எண்ணிக்கையைப் பார்க்க வேண்டாம். மார்ட்டல் காம்பாட்டில் ஏழு பேர். நிஜ மனிதர்களை வீடியோ எடுத்துச் செய்தவர்கள். ஜானி கேஜ், ஸ்கார்ப்பியன், சப்-ஜீரோ மூவருமே டேனியல் பெசினா என்ற ஒரே நடிகர். ஸ்கார்ப்பியன், சப்-ஜீரோ என்ற இரண்டு நிஞ்ஜாக்களுக்கு உடையின் நிறம் மட்டும் மாறும். ஸ்பெஷல்களைக் கழித்துவிட்டால் ஏழு பேரின் குத்தும் உதையும் ஏறக்குறைய ஒன்றுதான். ஸ்பெஷலே இல்லாமல் ஒரு ரவுண்ட் ஆடிப் பாருங்கள், தெரிந்துவிடும். ஸ்ட்ரீட் ஃபைட்டரில் அதே ரவுண்டை ஆடினால் தல்சிமின் கை திரையின் பாதிக்கு நீளும், சாங்கீஃப் ஒட்டி நின்றால்தான் ஆபத்து, சுன்-லீ வேகமாக நடப்பாள். இந்த விஷயத்தில் எனக்குச் சந்தேகமே இல்லை, ஸ்ட்ரீட் ஃபைட்டர்தான் மேல்.

காம்போவை, அதாவது அடிகளை அடுத்தடுத்துத் தொடுப்பதை, ஒருவரி சொல்லிவிடுகிறேன்: ஸ்ட்ரீட் ஃபைட்டரில் குதித்து ஓர் உதை, தரையில் ஒரு குத்து, அதை முடியவிடாமல் ஹடூகன். மூன்றும் தொடர்ந்து பட்டால் தடுக்கவே முடியாது. இது திட்டமிட்டு வைத்ததல்ல, தயாரிப்பின்போது தானாக அமைந்துவிட்டதை, அதைத் தயாரித்த கேப்காம் நிறுவனம் அப்படியே விட்டுவைத்தது.

கடைசியாக ரத்தம். சூப்பர் நிண்டெண்டோவில் சிவப்புக்குப் பதில் சாம்பல் நிற வியர்வை தெறிக்கும், ஜெயித்தவர் கடைசியில் எதிராளியைக் கொல்லும் காட்சிகளையும் மாற்றிவிட்டார்கள். மெகா டிரைவில் ஆரம்பத்தில் வரும் எழுத்துத் திரையில் ஏ, பி, ஏ, சி, ஏ, பி, பி என்று அழுத்தினால் ஆர்கேடின் ரத்தம் திரும்ப வரும். 1993 டிசம்பரில் அமெரிக்க செனட் விசாரணை வரைக்கும் போன விவகாரம் இது. அடுத்த வருடமே வயது முத்திரை போடும் அமைப்பு அங்கே உருவானது. வரலாற்றுக்கு இது முக்கியம். ஆட்டத்தை ஒப்பிடும்போது ரத்தத்தை அணைத்துவிட்டுப் பத்து ரவுண்ட், போட்டுவிட்டுப் பத்து ரவுண்ட் ஆடுங்கள். உங்களுக்குப் பிடித்தது எது என்று அப்போது பிரித்துச் சொல்ல முடியும்.

இதோடு நிறுத்த மனமில்லை என்றால் 1994-க்குப் போங்கள். மார்ட்டல் காம்பாட் 2-ஐ சூப்பர் ஸ்ட்ரீட் ஃபைட்டர் 2-உடன் சேர்த்து வையுங்கள். இந்த முறை நிண்டெண்டோவிலும் ரத்தம் உண்டு, ஸ்ட்ரீட் ஃபைட்டரில் ஆட்கள் பதினாறு. பிளாக் பட்டன் மட்டும் அங்கேயும் மார்ட்டல் காம்பாட்டில்தான்.