ரீசார்ஜா, மோடமா? 28 நாள் கணக்கு

கடலூர் மஞ்சக்குப்பத்தில் எங்கள் வீட்டில் மூன்று கைப்பேசிகள்: என்னுடையது, மாமியாருடையது, தினமும் பஸ்ஸில் புதுச்சேரிக்குப் போய்ப் படிக்கும் மகனுடையது. மூன்றுக்கும் நாளுக்கு 1.5 ஜிபி தரும் 299 ரூபாய் பேக்தான் போட்டுவந்தேன். அதை மாதச் செலவு என்று எண்ணாதீர்கள். 28 நாள் பேக்கை ஆண்டுக்கு 13 முறை போட வேண்டும்; ஒரு கைப்பேசிக்கே 3,887 ரூபாய். ஆகவே ரீசார்ஜோடு நிற்பதா, வீட்டுக்கு இணையம் தரும் ஃபைபர் மோடம் போடுவதா என்று பார்க்கும்போது, எல்லாச் செலவையும் 28 நாளுக்குக் கொண்டுவந்து ஒப்பிடுங்கள்.

முதலில் பேக் முடியும்வரை இரவு படுக்கும் முன் ஒவ்வொரு கைப்பேசியிலும் அன்று செலவான டேட்டாவைக் குறித்து வையுங்கள். இதைத் தவறவிட்டால் கணக்கே பொய்யாகும். என் மாமியார் 300 எம்பியைத் தாண்டவே இல்லை; மிச்சமெல்லாம் நள்ளிரவோடு வீணாயிற்று. ஆன்லைனில் டியூஷன் எடுக்கும் எனக்கோ மாலைக்குள் தீர்ந்துவிடும். 19 ரூபாய்க்கு 1 ஜிபி என்று 14 முறை வாங்கியிருந்தேன். மொத்தம்: 897 + 266 = 1,163 ரூபாய்.

இனி ஃபைபர் மோடம். விளம்பரத்தில் மாதம் 399 என்றிருந்தாலும் 18% ஜிஎஸ்டி சேர்த்து 471 ரூபாய். 28 நாளுக்கு ஏறத்தாழ 440. கைப்பேசி ரீசார்ஜ் இதனால் நின்றுவிடாது என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் 2024 டிசம்பரில் பிறப்பித்த உத்தரவுக்குப் பிறகு, அழைப்பும் எஸ்எம்எஸ்ஸும் மட்டும் உள்ள பேக்குகள் வந்துள்ளன. நான் கணக்கிட்டது 84 நாளுக்கு 448 ரூபாய், அதாவது 28 நாளுக்குச் சுமார் 149. எனக்கும் மாமியாருக்கும் அது போதும். மகனுக்குப் பழைய 299. ஆக 440 + 298 + 299 = 1,037 ரூபாய்.

மிச்சம் 126. கூடுதல் டேட்டாவை எட்டு முறைக்கும் குறைவாக வாங்கியிருந்தால் எங்களுக்கு மோடம் நட்டமே. இணைப்புக் கட்டணம் 1,500 கேட்டால், அதை மீட்கவே 11 மாதம் ஆகும். அதைக் கேட்டுத் தெரிந்துகொள்ளாமல் கையெழுத்துப் போடாதீர்கள்.

சிம் போடும் டாங்கிளை நான் விரும்பவில்லை. கருவிக்கும் விலை, அதற்கென்று தனி பேக்கும் வேண்டும். கிடைப்பதோ கைப்பேசிக்கு வரும் அதே டவர் சிக்னல்.

வீட்டில் எல்லாக் கைப்பேசிகளிலும் டேட்டாவை நிறுத்திவிடாதீர்கள். 2024 நவம்பர் இறுதியில் ஃபெஞ்சல் புயல் வந்தபோது மின்சாரம் போனதும் பக்கத்து வீட்டு மோடம் அணைந்துவிட்டது. மகனின் கைப்பேசியில்தான் இரு வீட்டாரும் மழை எச்சரிக்கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தோம்.