சபையின் மூச்சுக்கு வாசிப்பது

மலேசியாவில், சுங்கை சிப்புட்டில் எங்கள் தமிழ்க் கிறிஸ்தவ சபைக்கு முப்பது வருடமாக ஆர்கன் வாசிக்கிறேன். இப்போது பழக வரும் பிள்ளைகளுக்கு விரல் நன்றாக ஓடுகிறது. சபை எங்கே மூச்சு வாங்குகிறது என்று கேட்கத்தான் பழக வேண்டும்.

சனிக்கிழமையே பாமாலையை, அதாவது சபைப் பாட்டுப் புத்தகத்தைத் திறந்து, கையை வைக்காமல் எல்லாச் சரணத்தையும் வாய்விட்டுப் பாடுங்கள். மெட்டு மேல்நாட்டுது, வார்த்தை நம்முடையது. முதல் சரணத்தில் வரியோடு முடிகிற அர்த்தம், மூன்றாவதில் அடுத்த வரிக்குள் போய்விடும். மூச்சு வாங்கும் இடத்தில் பென்சிலால் கோடு போடுங்கள். ஞாயிறன்று அந்தக் கோட்டில் கையைத் தூக்கினால் போதும், சபை தானாகச் சேர்ந்துவிடும்.

அப்புறம் சுருதி. மெட்டுப் புத்தகம் நான்கு குரல் பாடகர் குழுவுக்கு எழுதியது. மேலே ‘எஃப்’ சுரம் வரை ஏறும். எங்கள் முன்வரிசையில் இருப்பவர்கள் தோட்டத்து லயத்தில், தொழிலாளர் வரிசை வீடுகளில் வளர்ந்த பாட்டிமார். காலை எட்டரை மணிக்கு ‘டி’யைத் தாண்டினால் அவர்களால் பாட முடியாது. அவர்கள் பாடாத பாட்டு எனக்குப் பாட்டே இல்லை. சுருதியை ஏற்றி இறக்கும் ட்ரான்ஸ்போஸ் பொத்தானில் மூன்று படி இறக்குங்கள். ஆராதனை முடிந்ததும் மறக்காமல் பழைய நிலைக்குக் கொண்டுவாருங்கள், அடுத்து வாசிப்பவர் தடுமாறக் கூடாது.

முன்னிசைக்குக் கடைசி வரி போதும். எந்த வேகத்தில் பாட வேண்டுமோ அதே வேகம்.

தகரக் கூரையில் மழை கொட்டினால் சத்தத்தைக் கூட்டாதீர்கள். வலது கையில் மெட்டை மேல் ஸ்தாயியோடு சேர்த்து இரட்டையாக வாசியுங்கள், மழையைத் தாண்டிக் கேட்கும்.

நம் ராகத்தில் பாடும் கீர்த்தனைக்கு, பல சுரங்களைச் சேர்த்து அழுத்தும் கார்டு அடுக்காதீர்கள், ராகம் கலைந்துவிடும். இடது கையில் ‘ச’வும் ‘ப’வும், வலது கையில் மெட்டு, அவ்வளவுதான். சரணம் முடிந்து பல்லவிக்குத் திரும்பும்போது பாடுபவரின் முகத்தைப் பாருங்கள்.

அப்பமும் ரசமும் வாங்கும் திருவிருந்தில் கடைசி ஆள் இடத்துக்குத் திரும்பும்வரை மெதுவாக வாசித்துக்கொண்டே இருங்கள்.

துக்க வீட்டில் புத்தகமும் கிடையாது, முன்னிசையும் கிடையாது. யாராவது ஒரு பாட்டி அழுதுகொண்டே, வந்த சுருதியில் எடுத்துவிடுவார். நிறுத்தச் சொல்லாதீர்கள். சத்தத்தைக் குறைத்து, ஒற்றை விரலால் அவருடைய ‘ச’வைத் தேடிப் பிடியுங்கள். ஒரு வரி அவரோடு போன பிறகு மற்ற விரல்களை வையுங்கள்.