டெமோ பதிவுக்கு டேப்பா, கணினியா?

இயந்திரத்தைப் பற்றி யோசிக்கும் முன், உங்கள் குழு ஒரு பாட்டை நடுவில் நிறுத்தாமல் முழுதாக ஒன்றுசேர்ந்து வாசிக்குமா என்று பாருங்கள். வாசிக்கும் என்றால் டேப், கணினி இரண்டிலும் நல்ல டெமோ (குழுவை அறிமுகப்படுத்தும் மாதிரிப் பதிவு) எடுக்கலாம். முடியவில்லை என்றால் டேப்பைத் தொடாதீர்கள்; இன்னும் கொஞ்ச நாள் ஒத்திகை பாருங்கள். இசைக்குழுக்களுக்கு ஒலிப்பதிவு செய்வதுதான் என் வேலை. டேப்பின் ஒலிமேல் எனக்குத் தீராத ஆசை உண்டு. ஆனாலும் முதல் டெமோவுக்கு வருகிறவர்களுக்குப் பெரும்பாலும் கணினியையே சொல்கிறேன்.

காரணம், டேப்பில் முடிவுகளை முதலிலேயே எடுத்தாக வேண்டும். 1979-இல் வந்த டாஸ்காமின் போர்ட்டாஸ்டுடியோ 144 சாதாரண கேசட்டில் நான்கு டிராக் (தனித்தனியாகப் பதியும் தடம்) கொடுத்தது. நான்கும் ஒரே திசையில், இருமடங்கு வேகத்தில் ஓடுவதால் 60 நிமிடக் கேசட்டில் 15 நிமிடம்தான் பதியலாம். டிரம்ஸ், பேஸ், கிடார் மூன்றையும் கலந்து நான்காவது டிராக்குக்கு மாற்றினால்தான் குரலுக்கு இடம் கிடைக்கும். பழைய மூன்றின்மேல் புதிதாகப் பதிந்த பிறகு, பேஸ் கேட்கவில்லையே என்று வருந்திப் பயனில்லை. மாற்றும் ஒவ்வொரு முறையும் இரைச்சல் ஏறும், சிம்பலின் பளபளப்பு மங்கும். அதனால் கலக்கும்போதே சிம்பலைச் சற்றுத் தூக்கலாக வையுங்கள்.

பழைய இயந்திரம் வாங்குவதானால், கீபோர்டில் ஒரே சுரத்தை நீட்டி அழுத்திப் பதிந்து, திரும்பப் போட்டுக் கேளுங்கள். சுரம் அலைந்தால் பெல்ட்டோ ரப்பர் உருளையோ தேய்ந்திருக்கலாம். டேப் உரசி ஓடும் ஹெட்டை ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் நனைத்த பஞ்சால் துடைத்துவிட்டே பதிவைத் தொடங்குங்கள்.

ஒலி அளவு மீறினால் டேப் அதைச் சற்றே அமுக்கிக் கனமாக்கும். டிரம்ஸுக்கு அது தனி அழகு. கணினியில் அந்தத் தயவு கிடையாது. அங்கே உச்ச வரம்பான 0 டெசிபலைத் தாண்டிய அலை தலை வெட்டுப்பட்டுக் கரகரக்கும். மென்பொருளில் பதிவின் தரத்தை 24 பிட், 48 கிலோஹெர்ட்ஸில் வைத்து, உச்சம் மைனஸ் 12 டெசிபலை ஒட்டி நிற்கும்படி பதியுங்கள். 24 பிட்டில் இரைச்சல் மிகத் தாழ்வாக இருப்பதால் அளவைக் குறைத்துப் பதிவதில் நஷ்டம் இல்லை.

மைக்குகளையும் கருவிகளையும் கணினியோடு இணைக்கும் ஆடியோ இன்டர்ஃபேஸ் வாங்கும்போது உள்ளீடுகளை எண்ணுங்கள். கிக் டிரம், சினேர் டிரம், டிரம்ஸுக்கு மேலே இரண்டு மைக், பேஸ், இரண்டு கிடார், வழிகாட்டிக் குரல் என்று எட்டு தேவைப்படும். பதியும் மென்பொருளுக்கு ரீப்பர் போதும். வாசிக்கும்போது, கணினி ஒலியை ஒரு நேரத்தில் எவ்வளவு சேர்த்துக் கையாளும் என்பதைக் குறிக்கும் பஃபரை 128 சாம்பிளுக்குக் குறையுங்கள்; ஹெட்போனில் தாமதம் தெரியாது. பதிந்த டிராக்குகளைக் கலக்கும் மிக்சிங்கின்போது 1024-க்கு ஏற்றிக்கொள்ளலாம்.

கணினியின் உண்மையான ஆபத்து, எத்தனை டேக் வேண்டுமானாலும் எடுக்கலாம், அதாவது பாட்டை எத்தனை முறை வேண்டுமானாலும் திரும்பப் பதியலாம் என்பதுதான். இருபதாவது டேக்கில் பாடகரின் குரல் களைத்திருக்கும், டிரம்மர் ஆர்வம் இழந்திருப்பார். எனவே ஒரு பாட்டுக்கு மூன்று டேக் என்று வரம்பு வையுங்கள். வாசிக்கும்போது திரையை அணைத்துவிடுங்கள்; அலை வடிவத்தைப் பார்க்கிறவர் பக்கத்தில் இருப்பவரின் தாளத்தைக் கேட்பதில்லை. மூன்றில் எது என்பதை அறையை விட்டுப் போகும் முன் எல்லோரும் சேர்ந்து தீர்மானியுங்கள். தாளத்தை மென்பொருளின் சம இடைவெளிக் கட்டத்துக்குள் இழுத்துத் திருத்தாதீர்கள். டெமோவைக் கேட்பவர் அறிய விரும்புவது நீங்கள் சேர்ந்து எப்படி வாசிக்கிறீர்கள் என்பதைத்தான்.

டேப்பின் ஒலியும் வேண்டும் என்றால், கணினியில் மிக்ஸை முடித்து, அந்த ஸ்டீரியோ மிக்ஸை முழுதாக டேப்பில் பதிந்து மீண்டும் கணினிக்குக் கொண்டுவாருங்கள். டிரம்ஸை மட்டும் தனியே அனுப்ப வேண்டாம். டேப்பின் வேகம் நூலிழை மாறினாலும், பாட்டு முடிவதற்குள் டிரம்ஸ் மற்ற டிராக்குகளிலிருந்து விலகிவிடும்.