பீடபூமியிலிருந்து கடற்கரைக்குக் காரில்: இறக்கத்திலிருந்து திட்டத்தைத் தொடங்குங்கள்

நெடுந்தூரச் சாலைப் பயணம் என்றதும் புறப்படும் ஊர், சேரும் ஊர், நடுவில் எத்தனை கிலோமீட்டர் என்று பார்த்து அதை நாட்களுக்குப் பங்கிட்டுவிடுகிறோம். என் முதல் பயணத்தை நானும் அப்படித்தான் போட்டேன். மேட்டு நிலத்தில் பகல் முழுக்க ஓட்டி மலை விளிம்பை அடைந்தபோது பொழுது சாய்ந்திருந்தது, மூடுபனி வேறு. எந்த முப்பது கிலோமீட்டரைப் பார்க்கக் கிளம்பினோமோ, அந்த முப்பதிலும் முன்னால் போன லாரியின் சிவப்பு விளக்கைத் தவிர வேறெதுவும் கண்ணில் படவில்லை.

அதனால் இந்த விளக்கம் நடுவிலிருந்து தொடங்குகிறது. முதலில் இறக்கம், மற்றதெல்லாம் பிறகு.

படி 1: இறக்கம் எங்கே இருக்கிறது?

பீடபூமிகள் பலவும் கடலை நோக்கிச் சீராகச் சரிவதில்லை. வெகுதூரம் ஏறக்குறைய ஒரே உயரத்தில் கிடந்துவிட்டு, ஓரிடத்தில் சட்டென்று விழுகின்றன. தக்காணத்துக்கு மேற்குத் தொடர்ச்சி மலையும், தென்னாப்பிரிக்க மேட்டு நிலத்துக்கு டிராக்கென்ஸ்பெர்க்கும் அப்படிப்பட்ட விளிம்புகள். வரைபடச் செயலியில் நில அமைப்பைக் காட்டும் தோற்றத்துக்கு மாறிக்கொள்ளுங்கள். உதறிப் போட்ட நூல்போல் சாலை சுருண்டு கிடக்கும் இடம்தான் நீங்கள் தேடுவது. சைக்கிள் பாதைக்கான தேர்வை அழுத்தினால் சில செயலிகள் ஏற்ற இறக்கத்தைக் கோட்டுப்படமாகவே வரைந்து காட்டும். கார்க்காரர்களும் அதைத் தாராளமாகக் கடன் வாங்கலாம்.

ஒரே விளிம்பில் இறங்க இரண்டு மூன்று சாலைகள் இருக்கக்கூடும். புதியது அகலமாகவும் நேராகவும் இருக்கும், காட்சி குறைவு. பழையது வளைந்து வளைந்து அருவிகளை ஒட்டிப் போகும். இரு வழித்தடமும், வண்டியை ஒதுக்கி நிறுத்தப் போதிய இடமும் இருந்தால் புதியவர்களும் பழைய சாலையைத் தேர்ந்தெடுக்கலாம். ஒற்றைத் தடச் சாலை முதல் பயணத்துக்கு வேண்டாம். மழைக்காலத்தில் மண்சரிவால் சாலை மூடப்பட்டிருக்கிறதா, இரவுத் தடை உண்டா என்று கிளம்பும் முன் விசாரித்துவிடுங்கள்.

படி 2: இறங்கும் நேரத்தைக் குறித்து, பின்னோக்கிக் கணக்கிடுங்கள்

கடலிலிருந்து வரும் ஈரக்காற்று மலைச்சரிவில் மோதி மேலேறும்போது குளிர்ந்து மேகமாகிறது. அதனால்தான் மேட்டில் வெயில் அடித்துக்கொண்டிருக்கும்போதே விளிம்பில் ஒன்றுமே தெரியாமல் போகிறது. விடியற்காலைப் பனி வெயில் ஏறியதும் கலையும். மதியத்துக்குப் பிறகு சரிவு சூடேறி மறுபடி மேகம் திரளும். இடையில் கிடைக்கும் காலை 9 மணி முதல் 12 மணி வரைதான் என் தேர்வு. அப்போது சூரியனும் உயரத்தில் இருக்கும், கடல் எந்தத் திசையில் இருந்தாலும் கண் கூசாது.

அப்படியானால் முந்தைய இரவு எங்கே தங்குவது? மேட்டின் மேலேயே, விளிம்பிலிருந்து ஒரு மணி நேரத் தொலைவுக்குள். “இன்னும் கொஞ்சம்தானே, இறங்கிவிடலாம்” என்று மாலையில் யாராவது சொல்வார்கள். கேட்காதீர்கள்.

படி 3: செயலி சொல்லும் நேரத்தை அப்படியே நம்பாதீர்கள்

அந்தக் கணக்கில் உங்கள் சாப்பாடும் படம் எடுப்பதும் சேராது. மலைப்பாதையில் மணிக்கு 25 முதல் 30 கிலோமீட்டர் என்றே வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை 15 நிமிட ஓய்வைத் திட்டத்திலேயே எழுதிவிடுங்கள். பிற்பகல் 2 மணியிலிருந்து 4 மணி வரை உடல் தானாகவே தூக்கத்தைத் தேடும். நேரான மேட்டுச் சாலையில் அது இன்னும் மோசம். முதல் பயணத்தில் ஒருவர் நாளொன்றுக்கு ஆறு மணி நேரத்துக்கு மேல் ஓட்ட வேண்டாம். மலையில் சிக்னல் போய்விடும் என்பதால் வரைபடத்தை முன்பே பதிவிறக்கி வையுங்கள்.

படி 4: பிரேக்கைப் பாருங்கள், பிறகு மற்றதை

பிரேக் ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் தன்மை கொண்டது. டாட் 4 வகை ஆயில் புதிதாக இருக்கும்போது 230 டிகிரி செல்சியஸ் வரையாவது கொதிக்காமல் தாங்க வேண்டும். ஈரம் ஏறியபின் அந்த அளவுகோல் 155 டிகிரிதான். நீண்ட இறக்கத்தில் பிரேக்கை விடாமல் மிதித்தால் அந்தச் சூட்டை எட்டிவிட முடியும். ஆயில் கொதித்து ஆவிக்குமிழ்கள் உண்டானால், மிதி தரைவரை போகும், வண்டி நிற்காது. கடைசியாக எப்போது மாற்றினீர்கள் என்று நினைவில்லையா? மாற்றிவிடுங்கள். பிரேக் பேடின் தடிமனையும் அப்போதே பார்க்கச் சொல்லுங்கள்.

டயர் காற்றைக் காலையில், சக்கரம் குளிர்ந்திருக்கும்போது சரிபார்த்தால் போதும். ஸ்டெப்னியிலும் காற்று இருக்கிறதா என்று பாருங்கள், அதைத்தான் எல்லோரும் மறப்பார்கள்.

படி 5: இறங்கும் முறை

ஏறுவதற்கு எந்த கியர் தேவைப்படுமோ அதே கியரில் இறங்குங்கள். இன்ஜினே வண்டியைப் பிடித்து வைக்கும். நியூட்ரலில் உருட்டினால் பெட்ரோல் மிச்சம் என்று யாராவது அறிவுரை சொன்னால் அவரிடம் சாவியைக் கொடுக்காதீர்கள். ஆட்டோமேட்டிக் வண்டியில் ‘எல்’ (குறைந்த கியர்) அல்லது கையால் கியர் மாற்றும் நிலையைப் பயன்படுத்துங்கள். பிரேக்கை அழுத்தமாக மிதித்து வேகத்தைக் குறைத்துவிட்டு, காலை எடுத்துவிடுங்கள். லேசாக மிதித்தபடியே போவதுதான் அதைச் சூடாக்கும்.

மின்சாரக் காரா? மலைக்கு முந்தைய இரவு பேட்டரியை முழுதாக நிரப்பாதீர்கள். இறக்கத்தில் மோட்டாரே மின்சாரம் உண்டாக்கி, அதன் மூலம் வண்டியின் வேகத்தையும் தடுக்கும். நிரம்பிய பேட்டரியில் அந்த மின்சாரத்தைச் சேமிக்க இடமிருக்காது. வேகத்தைத் தடுக்கும் அந்த உதவி பெரும்பாலான வண்டிகளில் குறைந்துவிடும்.

கொண்டை ஊசி வளைவுக்குள் நுழையும் முன்பே வேகத்தைக் குறையுங்கள். ஏறி வரும் வண்டிக்கு வழிவிடுங்கள்: சரிவில் நின்றுவிட்டால் மறுபடி கிளம்புவது அவருக்குத்தான் கடினம். காட்சி எவ்வளவு அழகாக இருந்தாலும் வளைவில் நிறுத்தாதீர்கள்.

படி 6: உடன் வருபவர்கள்

உயரம் குறையக் குறைய காது அடைக்கும். எச்சில் விழுங்கினாலோ கொட்டாவி விட்டாலோ சரியாகும். கைக்குழந்தைக்குப் பால் கொடுக்கலாம். வாந்தி வரும் என்பவரை முன்னிருக்கையில் உட்காரவைத்துத் தொலைவைப் பார்க்கச் சொல்லுங்கள். மேட்டில் இருக்கும்போதே இறுக மூடிய காலிப் பிளாஸ்டிக் பாட்டில் ஒன்று காருக்குள் கிடக்கட்டும். கீழே போய்ச் சேரும்போது காற்றழுத்தம் கூடி அது நசுங்கியிருப்பதைப் பார்க்கப் பிள்ளைகளுக்குப் பிடிக்கும். ஆயிரம் மீட்டர் இறங்கினால் வெப்பம் சராசரியாக 6.5 டிகிரி கூடும், புழுக்கமும் சேரும். மேலே போட்டிருந்த கம்பளிச் சட்டையைக் கழற்ற வழியில் ஓரிடத்தில் நிறுத்தத்தான் வேண்டியிருக்கும்.

படி 7: கடற்கரையும் திரும்பும் வழியும்

மணலில் காரை இறக்காதீர்கள். ஓதம் ஏறும்போது சிக்கிய வண்டியை இழுக்க ஆள் தேடுவது ஒரு பொழுதையே தின்றுவிடும். கரையோரம் சில நாள் நின்ற வண்டியின் அடிப்பகுதியை நல்ல தண்ணீரில் கழுவி உப்பைப் போக்குங்கள்.

திரும்புவதற்கு அகலமான புதிய சாலை போதும். ஆனால் ஏற்றத்தில் எரிபொருள் கூடுதலாகச் செலவாகும், அடிவாரத்திலேயே நிரப்பிக்கொள்ளுங்கள். இன்ஜின் சூட்டைக் காட்டும் முள் மேலேறினால் ஏசியை அணைத்துவிட்டு, இடம் கிடைத்ததும் ஒதுங்கி நில்லுங்கள். ரேடியேட்டர் மூடியை மட்டும் சூடு முழுதாகத் தணியும்வரை தொடாதீர்கள்.